மோகூரின் பணியாமையும் இன்றைய பணிவும்

அசோகன் தெற்கே படையெடுத்து வந்தான். மோகூர்ப் பழையன் என்னும் தமிழ்த் தளபதி அவனைத் தோற்கடித்து விரட்டினான். ஆகவேதான் மௌரியப் பேரரசு தமிழகத்தின் எல்லையில் நின்றது. தேர்ச்சக்கரம், வேப்பமரம், மீசை முறுக்கிய வீரன் என ஒரு படத்தோடு இக்கதை ஓராண்டில் பலமுறை பரவுகிறது. மதுரையில் எழுதப்பட்ட பதிவு அன்று மாலையே அந்தமானின் புரோத்ராபூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கைப்பேசியை அடைகிறது. அங்கே வளரும் பிள்ளைக்குச் சங்க இலக்கியத்தோடு ஏற்படும் முதல் அறிமுகம் பெரும்பாலும் இத்தகைய பதிவாகத்தான் இருக்கிறது. ஆகவே இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது.

கதையில் வரும் சொற்கள் எல்லாம் சங்க நூல்களில் உள்ளவை. பழையன் உண்டு, மோகூர் உண்டு, மோரியர் உண்டு, வேம்பும் உண்டு. இவற்றை ஒரே நிகழ்ச்சியாகக் கோத்த நூல்மட்டும் எந்தப் பாட்டிலும் இல்லை. அந்த நூலை அறுத்துப் பார்த்தால் மோகூரின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுவோர், பாட்டைப் படிக்காதவர்கள். அறுத்த பின்னர் எஞ்சும் மோகூரே கூடுதல் உயரமானது. ஆனால் அது இன்றைய பெருமிதத்துக்கு வசதியானதாக இல்லை. சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் மோரியர் பற்றிய சான்று. அகநானூற்றின் 251ஆம் பாட்டு மாமூலனார் பாடியது, பாலைத்திணை. தலைவன் பொருள்தேடிப் பிரிந்திருக்கிறான், தலைவி வாடுகிறாள், தோழி அவளைத் தேற்றுகிறாள். நந்தரின் பெருஞ்செல்வமே கிடைத்தாலும் அவன் அங்கே தங்கமாட்டான் என்கிறாள். பிறகு அவன் சென்ற வழியைச் சொல்கிறாள். அந்த வழியின் அடைமொழியாகத்தான் வரலாறு வருகிறது. கோசர் பழமையான ஆலமரத்துப் பொதியிலில் முரசு முழங்கப் பகைவரின் முனையைச் சிதைத்தனர். அப்போது மோகூர் பணியவில்லை. பணியாமையால் பெரும்படையுடைய மோரியர் பகைகொண்டு வந்தனர். அவர்களது தேர்ச்சக்கரம் உருள்வதற்காக மலை குறைக்கப்பட்டது. குறைத்த அந்தப் பாறைவாயில் இன்று வெள்ளருவி விழுகிறது. அதற்கு அப்பால் தலைவன் இருக்கிறான். பாட்டு சொல்வது இவ்வளவே.

இதில் மோகூர் வென்றது என்று ஒரு சொல் இல்லை. தோற்றது என்றும் ஒரு சொல் இல்லை. போர் நடந்ததாகவே கூறப்படவில்லை. மோரியரின் வருகைக்கும் மலை குறைக்கப்பட்டதற்கும் மேல் மாமூலனார் ஒரு வினையையும் ஏற்றவில்லை. அசோகன் பெயர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பழையன் பெயரும் அங்கே இல்லை. பணியாதிருந்தது ‘மோகூர்’. இலக்கண நூலார் இதை இடவாகுபெயர் என்பர். ஊர்ப்பெயர் ஊரில் உள்ளோருக்கோ ஊரின் தலைவனுக்கோ ஆகிவந்தது. அது ஒருவனா பலரா, அவன் பெயர் என்ன என்பதைப் பாட்டு திறந்தே விட்டுவிடுகிறது.

பழையன் பெயர் எங்கே வருகிறது? மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் வருகிறது. பழையனின் மோகூர் அவையில் கோசர் விளங்கித் தோன்றியதுபோல என்று அங்கே ஓர் உவமை இருக்கிறது. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்துக்குரிய பதிகத்தில் வருகிறது. சேரன் செங்குட்டுவன் பழையனின் காவல்மரமாகிய வேம்பை வெட்டியதை அது சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டமும் அவ்வெட்டையே நினைவுகூர்கிறது. இவற்றை வைத்தே பழையனைப் பாண்டியனுக்குத் துணைநின்ற குறுநில மன்னன் என்றும் தானைத்தலைவன் என்றும் ஆய்வாளர் பலர் கொண்டனர். இம்மூன்று நூல்களிலும் பழையனுக்கு எதிரே மோரியர் இல்லை.

காலக்கணக்கும் கதைக்கு உதவவில்லை. மௌரியப் பேரரசு பொது ஆண்டுக்கு முன் 185 அளவில் முடிந்துவிட்டது. செங்குட்டுவனின் காலத்தைப் பொது ஆண்டு 2ஆம் நூற்றாண்டில் வைப்பதே பெருவழக்கு. இக்கணக்கின்படி செங்குட்டுவன் வெட்டிய வேம்புக்கு உரியவன், அசோகனின் தேரை எதிர்த்து நின்றிருக்க வேண்டுமானால் அவன் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்க வேண்டும். அப்படியல்ல, மாமூலனார் சொல்லும் மோரியர் பிற்காலத்துக் கொங்கண மோரியரே என்று கொள்வாரும் உளர். அவ்வாறு கொண்டால் அசோகன் கதையிலிருந்து தானாகவே வெளியேறிவிடுகிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘பழையன் எதிர் அசோகன்’ என்னும் காட்சி நிற்க இடமில்லை.

போதாக்குறைக்கு, பரவும் பதிவுகளில் பழையர் மூவர் ஒருவராகிவிடுகின்றனர். மோகூர்ப் பழையன் ஒருவன். நற்றிணையின் 10ஆம் பாட்டில் கொங்கரைப் பணியவைப்பதற்காகச் சோழர் பக்கம் நின்று வேலேந்தும் போஒர்ப் பழையன் மற்றொருவன். அகநானூற்றின் 44ஆம் பாட்டில் நன்னன், ஏற்றை, அத்தி, கங்கன், கட்டி, புன்றுறை ஆகியோருக்கு எதிரான போரில் வீழ்ந்த சோழர் படைத்தலைவன் இவனே என்பர். அகநானூற்றின் 346ஆம் பாட்டில் கூடலருகே கிள்ளிவளவனிடம் தோற்ற பழையன் மாறன் இன்னுமொருவன். அவனை மோகூர்ப் பழையனோடு இணைப்பவர் உண்டு, பிரிப்பவரும் உண்டு. சோழனுக்காகக் கொங்கரைப் பணியவைக்க நின்றவனின் வேலைப் பிடுங்கி, எவருக்கும் பணியாத மோகூரின் கையில் கொடுப்பது பெருமை சேர்ப்பதாகாது. பணியாமைக்கும் பணியவைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை அழிப்பதே அது.

அடுத்து ‘வம்ப மோரியர்’ என்னும் தொடர். இதைக் கண்டவுடன் இன்றைய வாசகர் காதில் ‘வம்புக்கு வந்த மோரியர்’ என்று ஒலிக்கிறது. ‘முறைதவறிப் பிறந்த மோரியர்’ என்று உரை சொல்லிக் கைதட்டுவோரும் உண்டு. தொல்காப்பிய உரியியல் வம்பு என்னும் சொல்லுக்கு நிலையின்மை என்று பொருள் கூறுகிறது. சங்க வழக்கில் அது புதுமையையும் நிலைகொள்ளாமையையும் குறித்தது: வம்ப மாக்கள் என்றால் வழிப்போக்கராகிய புதியவர், வம்ப வடுகர் என்றால் புதிதாக வந்த வடுகர். சண்டை, பழிச்சொல், முறைகேடு ஆகிய பொருள்கள் பின்னர் வந்து சேர்ந்தவை. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1918இல் வெளிவந்த தென்னிந்திய வரலாற்றுத் தொடக்கங்கள் பற்றிய தம் நூலில் இப்பாடல்களை மௌரியப் படையெடுப்பின் சான்றாக முன்வைத்தார். அதிலிருந்து நூறாண்டுகளாக அத்தொடர் விவாதத்தில் இருக்கிறது. ஒரு சொல்லின் இன்றைய பொருளை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தள்ளி அதன்மேல் இனப்பகையைக் கட்டுவது, மொழியைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டே மொழியின் வரலாற்றை மறுப்பதாகும்.

எதிர்த்தரப்பும் தப்புவதற்கில்லை. “இவையெல்லாம் புலவர் கற்பனை, அகப்பாட்டில் வரலாறு தேடுவது வீண்” என்று ஒரே வீச்சில் தள்ளுவோர் பாட்டை வாசிக்கும் உழைப்பிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்கின்றனர். மோரியரும் அவர்களது தேர்ச்சக்கரத்துக்காகக் குறைக்கப்பட்ட மலையும் ஒரு பாட்டில்மட்டும் வரவில்லை. அகநானூற்றின் 69, 251, 281ஆம் பாட்டுகளிலும் புறநானூற்றின் 175ஆம் பாட்டிலும் வெவ்வேறு புலவர்கள் ஒரே செய்தியைத் தொடுகின்றனர். 281இல் மோரியருக்கு முன்னே வடுகர் வருகின்றனர். பின்னாளில் புறநானூற்றின் பழைய உரைகாரர் அதைச் சக்கரவாளச் சக்கரவர்த்திகளின் கதையாக மாற்றிவிடும் அளவுக்கு அச்செய்தி மங்கிப்போயிருந்தது. மங்கிய நினைவும் ஒரு நினைவே. தென்திசை நோக்கி ஒரு பெரும்படை வந்தது, பாதை வெட்டப்பட்டது என்பது தமிழ்ப்புலவர் மரபில் தங்கியிருந்தது. அதற்குமேல் சொல்வதற்குச் சான்று வேண்டும். அதற்குக் கீழே இறங்குவதற்கும் காரணம் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். அது நேர்மையான மறுப்புதான். பாடநூல்களில் மௌரியருக்கு ஓர் இயல் இருக்க, தெற்குக்கு ஒரு பத்தியே இருந்த காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு, இத்தகைய ஒரு வெற்றிக்கதை தேவைப்படாதா? தேவை உண்மையானதே. ஆனால் அத்தேவையை நிறைவேற்றப் பொய் வேண்டியதில்லை. அசோகனின் கல்வெட்டே போதும். அவனது இரண்டாம் பெரும்பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைத் தன் ஆட்சிக்கு அப்பாலுள்ள எல்லை நாட்டாராகக் குறிக்கிறது. அங்கேயும் மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறது. பதின்மூன்றாம் கட்டளையிலும் சோழரும் பாண்டியரும் தாமிரபரணி வரையுள்ளோரும் அறத்தால் வென்ற எல்லைப்புறத்தாராகவே வருகின்றனர். 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டில் சதியபுதோ என்னும் பட்டத்தோடு அதியன் நெடுமானஞ்சியின் பெயர் இருக்கிறது. அசோகனின் சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே என்பதற்குக் கல்லிலேயே சான்று கிடைத்துவிட்டது. பேரரசன் தன் வாயாலேயே ‘இவர்கள் என் ஆட்சிக்கு வெளியே இருப்பவர்கள்’ என்று பாறையில் வெட்டிவைத்திருக்கும்போது, அவனைக் கற்பனைப் போரில் தோற்கடித்துத்தான் தமிழகத்தின் தன்னாட்சியை நிறுவ வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் மோகூரின் பெருமை எது? ஒரு தொழிற்பெயரில் இருக்கிறது. பணியாமை. மாமூலனார் அச்சொல்லை ஏதுப்பொருளில் நிறுத்துகிறார்: பணியாமையால் மோரியர் வந்தனர். தொடரின் அமைப்பில் பேரரசின் படை விளைவாகிறது. ஒரு சிற்றூரின் மறுப்புக் காரணமாகிறது. மலை குறைக்கப்பட்டதும் தேர் உருண்டதும் அந்த ஒற்றை மறுப்பிலிருந்து கிளைத்தவை. வென்றார்களா என்று கேட்காமலே புலவர் அதை நினைவில் வைக்கத்தக்கது என்று கருதினார். வெற்றி இருந்தால்தான் எதிர்ப்புக்கு மதிப்பு என்று நம்புவோரால் இதை ஏற்க முடிவதில்லை. ஆகவே பாட்டில் இல்லாத வெற்றியைத் தாமே கொண்டுவந்து ஒட்டுகின்றனர். அவ்வாறு ஒட்டும்போது பணியாமை என்னும் சொல் பயனற்றதாகிவிடுகிறது. வென்றவனின் பணியாமையை எவரும் பாடலாம். முடிவு சொல்லப்படாத ஒருவனின் பணியாமையைப் பாடியது மாமூலனாரின் துணிவு.

மோகூரின் அறிவு எது? அதற்கும் சான்று இருக்கிறது. மதுரைக்காஞ்சி மோகூரைக் கோட்டையாலோ யானையாலோ குறிக்கவில்லை, அவையால் குறிக்கிறது. அந்த அவையில் விளங்கித் தோன்றியவர்கள் கோசர். அகநானூறு 251இல் கோசரின் வெற்றிக்குப் பின்னும் பணியாதிருந்தது மோகூர்; மதுரைக்காஞ்சியில் அதே கோசர் மோகூரின் அவைக்கு அணியாகின்றனர். எது முன், எது பின் என்று வாதிடலாம். எப்படி வைத்தாலும், ஒருகாலத்தில் எதிர்நின்றவர் இன்னொருகாலத்தில் அவையில் அமர்ந்திருக்கக்கூடிய இடமாக மோகூர் இருந்திருக்கிறது. நான்மொழிக் கோசர் என்பதை நான்கு மொழி பேசிய கோசர் என்று கொள்வார் உளர்; வாய்மை பற்றிய அடைமொழியாகக் கொள்வாரும் உளர். முதற்பொருளை ஏற்றால், பல மொழியாளர் ஒரே அவையில் விளங்கிய ஊர் அது. பதிற்றுப்பத்தின் 49ஆம் பாட்டிலோ வேந்தரும் வேளிரும் ஒரே சொல்லினராய் மோகூரின் பக்கம் திரண்டிருக்கின்றனர். தனியே வாளுருவிப் பேரரசை விரட்டிய ஒற்றை வீரனை இந்நூல்கள் காட்டவில்லை. அவை கூட்டத் தெரிந்தவனை, பிறரைச் சேர்க்கத் தெரிந்தவனைக் காட்டுகின்றன. தளபதியின் அறிவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான்.

அந்த மோகூரை உடைத்தவன் யார்? பரவும் பதிவுகள் மௌனமாகும் இடம் இது. மோகூரின் வீழ்ச்சி பற்றிப் பாட்டு தெளிவாகவே பேசுகிறது. அதை வீழ்த்தியவன் வடக்கிலிருந்து வரவில்லை. பதிற்றுப்பத்தின் 44ஆம் பாட்டில் பரணர் செங்குட்டுவனைப் புகழ்கிறார். தனக்கு உறவென்று ஏற்றுக்கொண்ட அறுகை என்பவனின் பொருட்டுச் சேரன் மோகூர் மன்னனின்மேல் செல்கிறான். அவனது முரசைக் கைக்கொள்கிறான். அவனது நெடுமொழியைப் பணிக்கிறான். காவல்வேம்பை வெட்டி முரசு செய்வதற்காகத் துண்டாக்கி யானைகளைப் பூட்டி இழுத்துச் செல்கிறான். மாமூலனார் ‘பணியாமை’ என்று நிறுத்திய இடத்தில் பரணர் ‘பணித்து’ என்று முடிக்கிறார். வேர் ஒன்றே. ஒன்று தன்வினையின் எதிர்மறை. மற்றொன்று பிறவினையின் இறந்தகாலம். மோரியர் வந்தபோது மோகூருக்கு வாய்த்தது முதற்சொல். தமிழ்வேந்தன் வந்தபோது வாய்த்தது இரண்டாவது.

பதிகம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பாட்டுகளைத் தொகுத்தோர் காலத்தில் சேர்க்கப்பட்ட அப்பகுதி, வேம்பை இழுத்துச் சென்ற யானைகளைப் பூட்டிய கயிறு எதனால் ஆனது என்பதைச் சொல்கிறது: அணிகலன் களைந்த பெண்டிரின் கூந்தலால். கணவரை இழந்து இழை களைந்த பெண்களின் தலைமயிரைக் கொய்து கயிறாகத் திரித்திருக்கிறார்கள். இமயத்திலிருந்து பத்தினிக்குக் கல் கொணர்ந்தவனாகச் சிலப்பதிகாரம் போற்றும் அரசனின் பெயரோடு சேர்ந்தே இதுவும் பாடப்பட்டிருக்கிறது. ஒரு பெண்ணின் கற்புக்குக் கோயில் எடுத்தவனின் யானைகள் வேறு பெண்களின் கூந்தலில் கட்டப்பட்டிருந்தன.

“அக்காலப் போர்முறை அது, இன்றைய அளவுகோலால் அளக்கலாகாது” என்பர். இன்றைய அளவுகோல் தேவையில்லை. பரணரின் அளவுகோலே போதும். நற்றிணையின் 270ஆம் பாட்டும் பரணர் பாடியதே. அங்கே நன்னன் பகைவர் மகளிரின் கூந்தலால் கயிறு திரித்த செயல் வருகிறது. ஒரு கொடுமையின் அளவைக் காட்ட வேண்டியபோது, நன்னனின் கூந்தற்கயிற்றினும் கொடியது என்று சொல்ல வைக்கிறார் பரணர். கேட்போர் உடனே உணரக்கூடிய கொடுமையின் எல்லைக்கல்லாக அது அவருக்குத் தெரிந்திருந்தது. நன்னன் செய்தால் கொடுமை, செங்குட்டுவன் செய்தால் வீரம் என்று பதிகக்காரர் கருதியிருக்கலாம்; பரணரின் பாட்டு அந்த வசதியைத் தரவில்லை. மோகூர்ப் பாட்டில் அவர் கூந்தலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதும் கருதத்தக்கது.

இப்போது தெரியும், பழையனுக்கு எதிரே அசோகனைக் கொண்டுவந்து நிறுத்த ஏன் இவ்வளவு ஆவல் என்பது. பகைவன் வெளியிலிருந்து வந்தால் எல்லாம் எளிது. அசோகனை நிறுத்தினால் செங்குட்டுவன் மறைந்துவிடுகிறான். மோகூரின் வேம்பை வெட்டிய கோடரி மறைந்துவிடுகிறது. கூந்தல் இழந்த பெண்கள் மறைந்துவிடுகின்றனர். அவர்களது பெயர்கள் முன்பே இல்லை. இப்போது அவர்களது இழப்பும் இல்லாமல் போகிறது. மோகூரின் பணியாமையைக் கொண்டாடுவதாகச் சொல்லும் பதிவு, மோகூரைப் பணித்தவனைக் காப்பாற்றுகிறது. வெற்றி பெற்றவனிடம் பணிவது அரசவைப் புலவருக்கு வயிற்றுப்பாடு. இன்றைய பதிவருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை, இருந்தும் பணிகிறார்.

இதை மதுரையிலிருந்து படிப்பது ஒன்று. ஒத்தக்கடைக்கு அருகில் இன்றும் திருமோகூர் இருக்கிறது. பழைய மோகூர் அதுவே என்பது பலரின் கருத்து. காளமேகப்பெருமாளை வணங்கிவிட்டு யானைமலையைப் பார்த்தபடி பெருமிதம் கொள்ளலாம். புரோத்ராபூரிலிருந்து படிப்பது வேறு. அங்கே தமிழர் மண்ணின் மைந்தர் அல்லர். கடல்கடந்து வந்து குடியேறியவர்கள். 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். வங்காளியும் தெலுங்கும் மலையாளமும் சாத்ரியும் பேசும் வீடுகளுக்கு நடுவே, தெருவில் அந்தமான் இந்தி பேசிக்கொண்டு வாழ்கின்றனர். மோகூர் அவையின் பன்மொழிக் கோசரைப் புரிந்துகொள்ள மதுரையைவிடப் புரோத்ராபூரே பொருத்தமான இடம்.

அந்த ஊருக்கு அருகிலேயே ஒரு மோகூர் இருந்தது. 1857 எழுச்சியில் பிடிபட்டோர் உள்ளிட்ட கைதிகளைக் கொண்டு 1858 மார்ச்சில் ஆங்கிலேயர் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியிருப்பைத் தொடங்கினர். காடு வெட்டப்பட்டது, பாதை போடப்பட்டது. மலையைக் குறைத்துத் தேர் உருட்டிய மோரியரின் செயலுக்கு இதைவிட நெருங்கிய உவமை தேட வேண்டியதில்லை. பெரிய அந்தமானியர் பணியவில்லை. 1859 மே மாதத்தில் வில்லும் அம்பும் ஏந்தி அபர்டீன் குடியிருப்பைத் தாக்கினர். தப்பியோடி அவர்களோடு ஓராண்டளவு வாழ்ந்திருந்த துத்நாத் திவாரி என்னும் கைதி, முன்கூட்டியே வந்து செய்தியைச் சொல்லிவிட்டான். ஆங்கிலேயர் ஆயத்தமாக இருந்தனர். துப்பாக்கிக்கு முன்னால் அம்பு தோற்றது. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது.

காட்டிக்கொடுத்தவனின் பெயர் ஆவணத்தில் இருக்கிறது. படை நடத்திய அந்தமானியத் தலைவனின் பெயரை அந்நிகழ்வைச் சொல்வோர் பெரும்பாலும் சொல்வதில்லை. ‘மோகூர் பணியவில்லை’ என்பதுபோலவே, ‘அந்தமானியர் தாக்கினர்’ என்று இனப்பெயர்மட்டும் நிற்கிறது. அவர்களைப் பாட ஒரு மாமூலனாரும் இல்லை. பத்து மொழிகள் பேசிய அம்மக்கள் இன்று சில பத்துப் பேராகச் சுருங்கிவிட்டனர். அக்கா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். அன்விதா அப்பி பதிவுசெய்து வைத்த ஒலிகளில்தான் அவரது மொழி இருக்கிறது. பணியாமைக்கு ஒரு சொல் அந்த மொழியிலும் இருந்திருக்கும்.

பழையனைப் பற்றிய பதிவைப் பகிரும் புரோத்ராபூர் இளைஞருக்கு அபர்டீன் நினைவிடம் பேருந்தில் சென்று சேரும் தொலைவில் இருக்கிறது. பணியாமை பெருமைக்குரியது என்றால் அது எவருடைய பணியாமையாக இருந்தாலும் பெருமைக்குரியதாக இருக்க வேண்டும்; தாம் குடியேறிய நிலத்தின்மீது முதலில் நின்றவர்களின் பணியாமையாக இருந்தால் இன்னும் கூடுதலாக. அதை ஏற்காமல் மோகூரைமட்டும் ஏற்பது, பணியாமையைப் போற்றுவதாகாது. தன் சாதிக்கும் மொழிக்கும் கிடைத்த பதக்கமாக அதைப் பூட்டிக்கொள்வதே ஆகும்.

பெருமிதம் பொருளை விழுங்குவதற்கு அதே தீவில் மற்றொரு சான்றும் இருக்கிறது. 2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேயர், ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டது. தீவுகள் ஒருகாலத்தில் சோழரின் கடற்படைத் தளமாக இருந்தன என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தமிழர் பலர் மகிழ்ந்து பகிர்ந்தனர். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் ஸ்ரீவிசயம் அவன் படை தாக்கிய நாடுகளின் வரிசையில் வருகிறது. அதன் அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டவன். நக்கவாரம் எனப்பட்ட நிக்கோபாரும் அதே வரிசையில்தான் இருக்கிறது. தளம் என்னும் பொருள் அங்கே இல்லை. கப்பல்களை நடத்திய தளபதியின் பெயரையும் மெய்க்கீர்த்தி சொல்வதில்லை. தாக்கப்பட்ட நாட்டின் பெயரையே தாக்கியவனின் நினைவாகச் சூட்டுவதும், செங்குட்டுவன் உடைத்த மோகூரை அசோகனுக்கு எதிரான தமிழ்க்கொடியாக ஏற்றுவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள். சொல் வேண்டும், சொல் சொல்லும் செய்தி வேண்டாம்.

சங்கப் பாட்டு தமிழரிடம் கேட்பது கைதட்டலை அன்று, வாசிப்பை. ‘மோகூர் பணியாமையால்’ என்னும் இடத்தில் நின்று, அடுத்து வெற்றி என்னும் சொல் வராததைக் கவனிக்க வேண்டும். ‘நெடுமொழி பணித்து’ என்னும் இடத்தில் நின்று, பணித்தவன் யார் என்பதைக் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். பதிகத்தின் கூந்தற்கயிற்றைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். இவை செய்யாதவர் பழையன் பெயரை எத்தனை ஆயிரம் முறை பகிர்ந்தாலும், அவர் நிற்பது பழையனின் அவையில் அன்று. வேம்பை இழுத்துச் சென்ற யானைகளுக்குப் பின்னால், வென்றவனைப் போற்றிக்கொண்டு நடக்கும் கூட்டத்தில்.

மாமூலனாரின் பாட்டில் கடைசியில் எஞ்சுவது வெட்டிய பாறையும் அதில் விழும் அருவியும். தேர் போய்விட்டது. மோரியர் போய்விட்டனர். மறுத்தவன் பெயரும் இல்லை. மறுத்தான் என்பது மட்டும் இருக்கிறது. அந்த ஒன்றை அப்படியே, கூட்டாமலும் குறைக்காமலும் அடுத்த தலைமுறையின் கையில் கொடுக்க இயலாதா?